காசு சிறிது, கணக்குச் சிறிதன்று

கூலிப் பட்டியலில் ரூபாய்க்கு அப்பால் பைசா எழுதும் வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்றொரு யோசனை, எங்கள் பகுதிக் கூட்டுறவாளர் கூடிய கூட்டமொன்றில் அண்மையில் எழுந்தது. அதைச் சொன்னவர் தீய எண்ணமுடையவர் அல்லர். பல ஆண்டுகள் சங்கத்துக்காக உழைத்தவர். கணக்கெழுதும் சிரமத்தை நன்கு அறிந்தவர். “கையில் கொடுக்கவும் வாங்கவும் பைசா நாணயம் எங்கே இருக்கிறது? கடைத்தெருவில் எட்டணாவைக்கூட இப்போது எவரும் தொடுவதில்லை. இல்லாத நாணயத்துக்குக் கணக்கு எதற்கு? மீட்டருக்கு இத்தனை ரூபாய், கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சௌகரியம்” என்பது அவருடைய வாதம். கூடியிருந்தவர்களில் பலர் தலையசைத்தனர். தறிக்குழியில் கால் வைத்து உழைத்துக் கூலி வாங்குகிறவர்களும், தோப்பில் விளைந்ததைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து போடுகிறவர்களுங்கூடத் தலையசைத்ததுதான் எனக்குக் கவலையளித்தது.

சௌகரியம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று நாம் நிதானமாக எண்ணிப் பார்த்தோமா? நாணயம் சிறிதாக இருக்கலாம். அது சட்டைப் பையிலிருந்து மறைந்தும் போகலாம். ஆனால் அதைக் கொண்டு போட்ட கணக்கு மறையலாகாது. சிறு அளவில் விற்று, சிறு அளவில் வாங்கி வாழ்கிறவனுக்கு அந்தக் கணக்கே காப்பு. இந்த யோசனையை அங்கத்தினர்கள் ஏற்கலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் கூற விரும்புகிறேன்.

சக்கரமும் காசும்

சிறு நாணயத்தின் அருமையை அறிந்துகொள்ள நாஞ்சில் நாட்டார் வேறெங்கும் போகவேண்டியதில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் அவை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலும் அடங்கியிருந்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் ரூபாய், அணா, பை என்ற கணக்கு நடந்துகொண்டிருந்தபோது, சமஸ்தானத்தில் தனி நாணய முறை ஒன்று வழங்கியது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆகவே ரூபாய்க்கு 28 சக்கரம். காசில் சொன்னால் 448. பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். அதாவது 456 காசு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமையோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் இந்த இரண்டு ரூபாய்களுக்கும் இடையிலுள்ள அரைச் சக்கர வித்தியாசத்தை மறவாமல் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. அரைச் சக்கரந்தானே என்று அதைத் தள்ளியிருந்தால், ரூபாய்தோறும் 8 காசு பறிபோயிருக்கும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. காசு என்பது வெறும் கணக்கு ஏட்டில் மட்டும் வாழ்ந்த பெயரன்று. ரூபாயில் ஏறக்குறைய நானூற்றைம்பதில் ஒரு பங்கான அந்தச் சின்னஞ்சிறு செப்புக் காசை 1940ஆம் ஆண்டுகளிலும் சமஸ்தானம் அச்சிட்டு வழங்கியது. நாலு காசு, எட்டுக் காசு, ஒரு சக்கரம் ஆகியவையும் செம்பில் வந்தன. ஒரு பிடி கீரைக்கும், ஒரு கட்டு வெற்றிலைக்கும், ஒரு முழம் பூவுக்கும் பொருத்தமான விலை சொல்ல ஒரு நாணயம் இருந்தது. விற்கிறவள் விலையைக் கூட்ட நினைத்தாலும் குறைக்க நினைத்தாலும், ஒரு படி ஏறவோ இறங்கவோ அவளுக்கு இடமிருந்தது.

அதற்கும் முந்திய காலத்து வெள்ளிச் சக்கரம் இன்னும் விசித்திரமானது. மிளகு அளவுக்குச் சற்றே பெரியதாய், தகடுபோல் மெல்லியதாய் இருந்த அந்த நாணயம் விரலிடுக்கில் நழுவிவிடும். அதை ஒவ்வொன்றாக எண்ணுவது ஆகாத காரியம். ஆனால், எண்ணுவது கடினம் என்பதற்காக எவரும் எண்ணாமல் விடவில்லை. சக்கரப் பலகை என்றொரு கருவியைச் செய்துகொண்டார்கள். மரப்பலகையில் சக்கரம் ஒன்று மட்டும் உட்காரத்தக்க சிறு குழிகளை வரிசை வரிசையாகக் குடைந்திருப்பார்கள். ஒரு கை நாணயத்தை அதன்மேல் கொட்டிப் பலகையை மெல்ல அசைத்தால், குழிக்கு ஒன்றாக நாணயம் அமர்ந்துகொள்ளும்; மிஞ்சியது வழிந்துவிடும். பலகையில் இத்தனை குழி என்பது தெரியும். ஆகவே இத்தனை சக்கரம் என்பதும் தெரியும். கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பார்வையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கணக்குச் சிரமமானபோது நம் முன்னோர் கணக்கைச் சுருக்கவில்லை, கருவியைச் செய்தார்கள். இன்று கணக்குப் பொறியும் கம்ப்யூட்டரும் மேசைமேல் இருக்கும்போது, பைசா எழுதுவது சிரமம் என்று நாம் சொல்வது அவர்களுக்கு முன் நமக்குப் பெருமை தருமா?

நயா பைசா கற்பித்த பாடம்

திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1ஆம் தேதி ஒன்றாயின. அதன்பின் சக்கரமும் காசும் வழக்கொழிந்து, ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 பை என்ற கணக்கை இப்பகுதி மக்கள் பழகிக்கொண்டனர். யுத்த காலத்தில் செம்பை மிச்சப்படுத்துவதற்காக 1943ஆம் ஆண்டு முதல் நடுவே துளையிட்டு வெளியிடப்பட்ட ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டதைச் சொல்லும் பெரியவர்கள் நம் ஊர்களில் இருந்தனர். அணாக் கணக்கு நன்றாகப் பழகுமுன்னரே, 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற தசாம்ச முறை வந்தது. எட்டாண்டுக்குள் இருமுறை கணக்கு மாறியது. இடையில் ராஜ்யமும் மாறியது. சந்தைக்குப் போய்வந்த நாஞ்சில் நாட்டுக் குடியானவர்களின் மனக்கணக்குத் திறமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அந்த 1957ஆம் ஆண்டு மாற்றத்தில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓரணாவுக்குச் சரியான மதிப்பு 6¼ நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே அரசாங்கத்தின் மாற்றுப் பட்டியலில் ஓரணாவுக்கு 6 நயா பைசா என்றும், ஈரணாவுக்கு 12 என்றும், மூன்றணாவுக்கு 19 என்றும், நாலணாவுக்கு 25 என்றும் வகுத்தார்கள். நாலணாவாக மாற்றினால் எவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஓரணா ஓரணாவாகப் பதினாறு முறை மாற்றினால் கிடைப்பது 96 நயா பைசா. ரூபாய்க்கு 4 குறைந்துவிடும். காலணாவைப் பாருங்கள். அதன் மதிப்பு 1½ நயா பைசாவுக்குச் சற்று மேல். பட்டியலிலோ 2 நயா பைசா. காலணாப் பொருளை 64 முறை வாங்கியவனிடம் அந்தக் கணக்கில் 128 நயா பைசா போயிருக்கும். ரூபாய்க்கு 28 அதிகம்!

பட்டியலை வகுத்தவர்கள் எவரையும் வஞ்சிக்க நினைக்கவில்லை. கிட்டிய முழு எண்ணுக்குத் திருத்தும் பொது விதியையே அவர்கள் பின்பற்றினார்கள். ஆயினும் ரூபாயாகப் புழங்கியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அணாவாகப் புழங்கியவனுக்குச் சிறிது போயிற்று. காலணாவாகப் புழங்கியவனுக்கே அதிகம் போயிற்று. சில்லறைப் பின்னத்தைத் திருத்துவதால் வரும் நஷ்டம் எப்போதும் மிகச் சிறிய அளவில் கொடுத்து வாங்குகிறவன் தலையில்தான் விழும். எவ்வளவு திருத்துகிறோம் என்பதைவிட, எந்த இடத்தில், எத்தனை முறை திருத்துகிறோம் என்பதே முக்கியம். இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கூலிப் பட்டியலுக்கு வருவோம்.

ஒரு மீட்டர் இலவசம்

எண்கள் எளிதாக விளங்கும்பொருட்டு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மீட்டர் ஒன்றுக்கு நெசவுக் கூலி 38 ரூபாய் 40 பைசா. ஒருவர் நாளைக்கு 4 மீட்டர் வீதம் மாதத்தில் 24 நாள் நெய்து 96 மீட்டர் கொடுக்கிறார். அவருக்குச் சேரவேண்டியது 3,686 ரூபாய் 40 பைசா. மீட்டருக்கு 40 பைசாவைத் தள்ளி 38 ரூபாயாக வைத்தால் அவர் பெறுவது 3,648 ரூபாய். குறைந்தது 38 ரூபாய் 40 பைசா. அது சரியாக ஒரு மீட்டர் துணியின் கூலி. அதாவது மாதத்துக்கு ஒரு மீட்டர், ஆண்டுக்குப் பன்னிரண்டு மீட்டர், அவர் கூலியின்றி நெய்கிறார். இருநூறு தறியுள்ள சங்கமானால் மாதம் 7,680 ரூபாய் நெசவாளர் கையிலிருந்து ஓசையின்றி நழுவுகிறது.

அதே கணக்கில் பைசாவைக் கடைசிவரை வைத்திருந்து, மொத்தத் தொகையில் மட்டும் தள்ளினால் போவது எவ்வளவு? வெறும் 40 பைசா. திருத்தம் ஒன்றே, இடம் மட்டும் வேறு. ஒன்றில் நாற்பது பைசா. மற்றொன்றில் முப்பத்தெட்டேகால் ரூபாய்க்கு மேல்!

விளைவிப்போர் கணக்கும் இதுதான். தேங்காய்க்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் 45 பைசா என்று விலை வந்த நாளில் 45 பைசாவைத் தள்ளிவிட்டால், 800 கிலோ போட்டவருக்கு 360 ரூபாய் குறைகிறது. தோப்பில் தேங்காய் வெட்டக் கொடுக்கும் கூலியில் ஒரு பகுதிக்கு அது ஆகும். நேந்திரன் குலைக்கும், மரச்சீனிக்கும், நெல்லுக்கும் இப்படியே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

“சில பொருளுக்கு மேலாகவும் திருத்துவோமே, இரண்டும் சரியாகிப் போகும்” என்று சிலர் சொல்லக்கூடும். தாளில் எழுதிப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். அனுபவம் வேறுவிதமாக இருக்கிறது. வாங்குகிறவன் விலை வைக்கும் இடத்தில் பின்னம் கீழே இறங்குகிறது; விற்கிறவன் விலை வைக்கும் இடத்தில் அது மேலே ஏறுகிறது. நெசவாளனும் விவசாயியும் தாம் விற்கும்போதும் விலை வைப்பவர்கள் அல்லர். வாங்கும்போதும் விலை வைப்பவர்கள் அல்லர். ஆகவே இரு பக்கமும் அவர்களுக்கே இழப்பு. இந்த நிலையை மாற்றத்தானே சங்கம் வைத்தோம்? சங்கமும் அதையே செய்யுமானால் தனி முதலாளிக்கும் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய இடங்களில் பைசாவை எவரும் விடவில்லை என்பதையும் கவனியுங்கள். பெட்ரோல், டீசல் விலை இன்றும் ரூபாயும் பைசாவுமாகவே பலகையில் எழுதப்படுகிறது. பாங்கியில் வட்டி பைசாவரை கணக்கிடப்படுகிறது. பங்குச் சந்தையில் விலை பைசாக் கணக்கில் ஏறி இறங்குகிறது. கோடிக்கணக்கில் புழங்குகிறவர்கள் பைசாவை விடாமல் எண்ணுகிறார்கள். அதை விட்டுவிடும்படி உபதேசம் பெறுகிறவர்கள் நாம் மட்டுமே.

நாணயம் தேய்ந்த கதை

இவ்வளவும் சொல்லும்போது, பைசா நாணயங்களை மீண்டும் அடித்து வெளியிட வேண்டும் என்று நான் கோருவதாக எவரும் கருதவேண்டாம். அது நடவாது, நடக்கவும் வேண்டியதில்லை. ஏன் என்பதை நாணயங்களின் உலோகமே சொல்லும்.

1957இல் வந்த ஒரு நயா பைசா வெண்கலத்தில் வட்டமாக இருந்தது. இரண்டும் ஐந்தும் பத்தும் செம்பும் நிக்கலும் கலந்த வெண்ணிற நாணயங்கள். அவற்றின் அமைப்பைக் குறித்து இங்கே ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லவேண்டும். ஒன்று வட்டம், இரண்டு விளிம்பு வளைந்த பூவடிவம், ஐந்து முனை மழுங்கிய சதுரம், பத்து மீண்டும் பூவடிவம், ஆனால் பெரியது. நாணயத்தில் எழுதியிருந்தது நாகரி எழுத்து. அதை நம் சந்தையில் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். அரசாங்கத்தின் எழுத்தைக் கண் படிக்காவிட்டாலும் வடிவத்தை விரல் படித்தது. விடியுமுன் பூக்கூடையோடு தோவாளையில் வந்திறங்கும் பெண்ணும், பார்வை மங்கிய முதியவரும் மடியில் கைவிட்டுத் தடவியே ஐந்தையும் பத்தையும் பிரித்தெடுக்க முடிந்தது. நாணயம் ஏழைக்காக அமைக்கப்படுமானால் அப்படித்தான் அமைக்கப்படவேண்டும்.

1964 ஜூன் 1ஆம் தேதி முதல் ‘நயா’ என்ற சொல் நீங்கிப் ‘பைசா’ மட்டும் நின்றது. அவ்வாண்டில் மூன்று பைசா என்ற அறுகோண நாணயம் அலுமினியத்தில் வந்தது. அதைத் தொடர்ந்து ஒன்றும் இரண்டும் ஐந்தும் பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக அலுமினியமாயின. சிறுவர்கள் அவற்றைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடும் அளவுக்கு நாணயம் கனமற்றுப் போயிற்று. 1988இல் பத்தும் இருபத்தைந்தும் ஐம்பதும் துருப்பிடிக்காத எஃகில் வந்தன. விலைவாசி ஏற ஏற நாணயத்தின் வாங்கும் சக்தி குறைந்தது. அது குறையக் குறைய நாணயத்தின் உலோகமும் மலிவாயிற்று. முடிவில் 2011 ஜூன் 30ஆம் தேதி முதல் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் சட்டப்படி செல்லாதவையாயின. 50 பைசா மட்டும் சட்டத்தில் இன்றும் செல்லும். பத்து ரூபாய்க்கு மேற்படாத தொகைக்கு அதைக் கொடுக்கலாம். கடைத்தெருவில் அது செல்வதில்லை என்பதை நாம் அறிவோம்.

ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்க 1 ரூபாய் 11 பைசா செலவாகிறது என்ற விவரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2018இல் வெளிவந்தது. ரூபாய்க்கே இந்த நிலைமையானால் பைசாவை அடிப்பது பொதுப்பணத்தை விரயம் செய்வதாகும். ஆகவே அரசாங்கம் பைசா நாணயத்தை நிறுத்தியதை நான் குறைகூறவில்லை. ஒரு காலத்தில் ரூபாய்க்குள் 448 படிகள் இருந்தன, பின்னர் 192, பின்னர் 100, இன்று கைப்புழக்கத்தில் ஒன்றே ஒன்று. படிகள் போய்விட்டன. ஏணியையும் எறிந்துவிடலாமா என்பதே கேள்வி.

பிற நாட்டார் செய்தது

இவ்விஷயத்தில் பிற நாடுகளின் அனுபவம் நமக்கு உதவும். கனடா நாட்டில் 2013 பிப்ரவரி 4ஆம் தேதி முதல் ஒரு சென்ட் நாணயத்தை வழங்குவதை நிறுத்தினர். அதன்பின் கடைகளில் என்ன நடந்தது? ஒவ்வொரு பொருளின் விலையிலும் சென்ட் இருந்தபடியே இருந்தது. எல்லாவற்றையும் கூட்டி, வரியும் சேர்த்து, இறுதியில் வந்த தொகையை மட்டும் கிட்டிய ஐந்து சென்டுக்குத் திருத்தினர். அதுவும் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு மாத்திரம். பாங்கிக் கணக்கு மூலம் கொடுப்பவரிடம் ஒரு சென்ட்கூடக் கூடாமலும் குறையாமலும் வாங்கினர். ஆஸ்திரேலியாவில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் நாணயங்களை 1992 முதல் திரும்பப் பெற்றபோதும் இம்முறையே பின்பற்றப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு வழிகாட்டி இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டத்தில் 170ஆம் பிரிவு என்ன சொல்கிறது? செலுத்தவேண்டிய வரித்தொகையில் 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கொள்ளவேண்டும். அதற்குக் குறைந்தால் தள்ளவேண்டும். அரசாங்கம் தனக்கு வரவேண்டிய தொகைக்கு இத்தகைய நடுநிலை விதியை எழுதிவைத்திருக்கும்போது, அங்கத்தினருக்குச் சேரவேண்டிய தொகைக்கு நம் சங்கங்களில் எழுதப்பட்ட விதி ஒன்றும் வேண்டாமா?

இன்னொன்று. இப்போது கூலியும் கொள்முதல் தொகையும் பெரும்பாலும் பாங்கிக் கணக்கு வழியாகவே செல்கின்றன. பாங்கிக் கணக்கில் பைசாவைச் செலுத்த எந்தத் தடையுமில்லை. கைபேசி மூலம் அனுப்பும் பணத்திலும் பைசாவை எழுதலாம். நாணயம் இல்லை என்பது ரொக்கத்துக்குச் சொல்லத்தக்க காரணம். ரொக்கமே கைமாறாத இடத்தில் அக்காரணத்தைச் சொல்வது பொருந்தாது.

கையிலிருக்கும் நாணயங்கள்

பைசாவைப் பற்றிப் பேசும்போது, இன்று மிஞ்சியிருக்கும் சிறு நாணயங்களையும் நாம் மதிக்கத் தவறுகிறோம் என்பதைச் சொல்லவேண்டும். கடையில் இரண்டு ரூபாய் பாக்கி வரவேண்டியிருந்தால் இரண்டு மிட்டாயை எடுத்து நீட்டுகிறார்கள். அதே மிட்டாயை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துத் தீப்பெட்டி கேட்டால் தருவார்களா? எனக்கே இந்த அனுபவம் பலமுறை நேர்ந்திருக்கிறது. கடை எது என்பது முக்கியமன்று. அக்கடைக்குப் போகும் எல்லோருக்கும் இது நேர்கிறது. கூட்டுறவுப் பண்டகசாலை எதிலும் இவ்வழக்கம் நுழையலாகாது.

பத்து ரூபாய் நாணயத்தின் கதி இன்னும் பரிதாபகரமானது. அது செல்லாது என்ற வதந்தியை நம்பி, தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதை வாங்க மறுத்தனர். மறுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அமைப்பில் வந்ததால் போலி என்று மயங்கினர். பதினான்கு அமைப்புகளில் வெளியிட்டிருப்பதாகவும், அவை யாவும் செல்லும் என்றும் ரிசர்வ் பாங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அடிக்கடி உருவத்தை மாற்றினால் ஜனங்களுக்கு நாணயத்தின்மேல் நம்பிக்கை குலையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அமைப்பில் நேரும் பிழை அவ்வளவோடு நிற்பதில்லை. 1992 முதல் வழங்கிய எஃகு ஒரு ரூபாய்க்கு விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011இல் வெளிவந்த இரண்டு ரூபாய்க்கும் விட்டம் அதே 25 மில்லிமீட்டர். எடை அதே 4.85 கிராம், உலோகமும் எஃகே. பையில் கைவிட்டுத் தடவுகிறவர் ஒன்றையும் இரண்டையும் எங்ஙனம் பிரித்தறிவது? பார்வையற்றவர்களும் முதியவர்களும் அடைந்த அல்லல் சிறிதன்று. 2019 மார்ச்சில் வெளியிடப்பட்ட புதிய வரிசையில் இக்குறையை நீக்க முயன்றிருக்கிறார்கள். மதிப்பு ஏற ஏற நாணயத்தின் எடையும் ஏறுகிறது. 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கம் கொண்டது. அவ்வரிசையில் தானியக் கதிரின் உருவமும் பொறிக்கப்பட்டிருப்பது விவசாயிகளாகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால் கதிரை நாணயத்தில் பொறித்தால் மட்டும் போதாது. கதிரை விளைவித்தவனுக்குச் சேரவேண்டியது முழுமையாகச் சேரவேண்டும்.

செய்யவேண்டியவை

குறை சொல்வதோடு நிற்காமல் சில யோசனைகளை அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, மீட்டருக்கும், உருப்படிக்கும், கிலோவுக்கும் வகுக்கும் கூலியிலும் விலையிலும் பைசா இருந்தபடியே இருக்கவேண்டும். எக்காரணத்தாலும் அந்த இடத்தில் திருத்தம் செய்யலாகாது.

இரண்டாவது, பாங்கிக் கணக்கில் செலுத்தும் தொகையைப் பைசாவரை செலுத்தவேண்டும். ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால் மாத மொத்தத்தில் ஒரே ஒருமுறை மட்டும் கிட்டிய ரூபாய்க்குத் திருத்தலாம்.

மூன்றாவது, அவ்வாறு திருத்தும்போது விடுபடும் பைசாவை அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தில் பாக்கியாக எழுதி, அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகவேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் அது ஒரு ரூபாயாகிவிடும். எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

நான்காவது, சங்கத்தின் விற்பனை நிலையங்களில் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்கள் போதிய அளவு இருப்பில் இருக்கவேண்டும். நாணயங்களை வாங்கவும் மாற்றிக் கொடுக்கவும் பாங்கிக் கிளைகள் கடமைப்பட்டவை. நிர்வாகிகள் அங்கே கேட்டுப் பெறத் தயங்கலாகாது. பத்து ரூபாய் நாணயம் இங்கே வாங்கப்படும் என்று வாசலில் எழுதிவைப்பதும் நலம். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்புமுள்ள நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையுள்ள தொகைக்குச் சட்டப்படி செல்லும் என்பதை அங்கத்தினரும் அறிந்திருக்கவேண்டும்.

ஐந்தாவது, இவ்விதியைத் தமிழில் தெளிவாக எழுதி, மகாசபையில் நிறைவேற்றி, கூலி கொடுக்கும் இடத்தில் எல்லோரும் காணும்படி ஒட்டிவைக்கவேண்டும். எழுதப்படாத விதி எப்போதும் வலியவன் பக்கமே சாயும்.

இதனால் சங்கத்துக்குச் செலவு கூடுமே என்பார்கள். கூடுவது என்ன? அங்கத்தினருடைய பணத்தை அங்கத்தினருக்கே கொடுப்பதைச் செலவு என்று எங்ஙனம் கூறுவது? அது சங்கத்திடம் தங்கிவிட்டால், ஆண்டிறுதியில் லாபமாகக் காட்டி அவர்களுக்கே ஈவு கொடுப்போமே என்று வாதிப்போரும் உண்டு. ஈவு பங்குத் தொகைக்கு ஏற்பச் செல்வது. இழப்போ உழைப்புக்கு ஏற்ப நேர்வது. அதிகம் நெய்தவன் அதிகம் இழப்பான். அதிகப் பங்கு வைத்திருப்பவன் அதிகம் பெறுவான். அது நியாயமாகாது.

இரண்டு பென்னியில் எழுந்த இயக்கம்

கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கத்தை நினைவுகூர்ந்து முடிக்கிறேன். இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்ற நெசவு நகரில், 28 பேர் சேர்ந்து 1844 டிசம்பர் 21ஆம் தேதி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் பலர் நெசவாளர்கள். அவர்கள் திரட்டிய மூலதனம் 28 பவுன். அதை எவரும் ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டவில்லை. வாரத்துக்கு இரண்டு பென்னி, மூன்று பென்னி என்று வீடுவீடாகச் சென்று சேர்த்தனர். கடையில் வைத்த சரக்கும் வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்ற சில்லறைப் பண்டங்களே. அளவில் குறைக்காமலும் கலப்படம் செய்யாமலும் விற்று, வந்த லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பகிர்ந்து கொடுத்தனர். ஒவ்வொருவர் பெயரிலும் பென்னியை விடாமல் எழுதிவைத்திருந்ததால்தான் அது இயன்றது. “பென்னிதானே, விட்டுவிடலாம்” என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தக் கடையும் இல்லை. உலகமெங்கும் பரவிய இயக்கமும் இல்லை. நம் சங்கங்களும் இல்லை.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் கைக்காசையும் குறிக்கும். வாக்குப் பிசகாத நேர்மையையும் குறிக்கும். கைக்காசான நாணயம் காலத்துக்கேற்ப உருமாறும், தேயும், ஒருநாள் செல்லாமலும் போகும். சங்கத்தின் நாணயம் அப்படிப் போகலாகாது. வரும் மகாசபையில் கூலிப் பட்டியலைப் பற்றிய பேச்சு எழும்போது, ஒவ்வொரு அங்கத்தினரும் தம்முடைய சென்ற மாதச் சீட்டைக் கையில் கொண்டுவந்து, அதிலுள்ள பைசாவைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கைதூக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

— ஓர் அங்கத்தினர்